நெருப்பாக வந்து வீடு பார்த்தவர்

முதல்நாள் அவர் முன்வாசலால் வரவில்லை. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் மனைவி வடை சுட்டு, தேநீருக்குத் தண்ணீரும் வைத்துவிட்டாள். பத்தே கால் ஆகியும் மணி அடிக்கவில்லை. குசினி யன்னலால் எட்டிப் பார்த்தால், நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண், காற்சட்டையும் நடைச் சப்பாத்துமாக எங்கள் பின்வளவில் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தார். விறகு அடுக்கியிருந்த இடத்தில் நின்றார். கூரையோரத்து மழைநீர்ப் பீலியை அண்ணாந்து பார்த்தார். பிறகு முழங்காலை ஊன்றி, மரத்தளத்துக்குக் கீழே தலையை விட்டார்.

"ஆரோ மோதிரத்தைத் துலைச்சிட்டினம் போல," என்றாள் மனைவி.

நான் பின்கதவைத் திறந்து, "அக்கா, வாசல் அங்கால," என்றேன்.

"தெரியும் தம்பி. நான் மூண்டு இடத்தால உங்கட வீட்டுக்குள்ள வந்திட்டன். ஒருதரும் மறிக்கேல்லை."

"கதவெல்லாம் பூட்டித்தானே கிடக்கு?"

"கதவால மனிசர்தான் வருவினம். நான் இப்ப நெருப்பு."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் துளியும் பகிடி இல்லை. முழங்காலில் ஒட்டிய பைன் ஊசிகளைத் தட்டிவிட்டு, வடையின் வாசனை பிடித்துக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். ஐந்து வடை சாப்பிட்டார். ஆறாவதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

அவர் பேர்லினில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் கீறுகிறவர். இளவயதில் அகதியாக வந்து, மொழி படித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து அந்த வேலைக்குப் போனவர். நான் அறிந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். எங்கள் சனத்தில் யாராவது வீடு வாங்கினாலோ, சுவர் உடைத்தாலோ, "அந்தப் படம் கீறுற அக்காவைக் கேளுங்கோ" என்பார்கள். அதே மூச்சில், "ஆனா கொஞ்சம் பொறுமையா இருங்கோ" என்றும் சொல்வார்கள். எதற்குப் பொறுமை என்று எவரும் விளக்கியதில்லை. விளக்கியிருந்தால் நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன், அது என் வாழ்நாளின் பெரிய பிழையாகப் போயிருக்கும்.

எங்களுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. என் அண்ணைக்கு. அவர் என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். எனக்குப் பதினொரு வயதில் என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டெடுத்துப் படிக்க வைத்தவர். முப்பது வருடம் உணவகக் குசினிகளில் நின்றவருக்குக் கடைசியில் நுரையீரல் பழுதாகிவிட்டது. மூக்கில் குழாயும், சில்லு வைத்த ஒட்சிசன் இயந்திரமுமாக பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் நாலாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம். நான் லிஃப்ட் திருத்துகிற வேலைக்காரன். பேர்லின் முழுவதும் லிஃப்ட்டை மேலும் கீழும் ஓட வைக்கிற எனக்கு, சொந்த அண்ணையை ஒரு மாடி இறக்க வழியில்லை. வைத்தியசாலைக்குப் போகிற நாட்களில் இரண்டு பேர் வந்து அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பயத்தில் அல்ல, வெட்கத்தில்.

நாங்கள் நகரத்தை விட்டு, தெற்கே ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, பைன் காட்டோரமாக ஒரு பழைய வீடு வாங்கியதே அவரையும் கூட்டி வரத்தான். அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். படுத்துக்கிடந்தபடி மரம் பார்க்க வேண்டும். முப்பது வருடமாக அவர் பார்த்த யன்னல்கள் எல்லாம் பின்முற்றக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி இருந்தவை. ஆகவே நானே ஒரு படம் கீறி வைத்திருந்தேன். வீட்டின் பின்புறம், காட்டை ஒட்டி, முழுக்க மரத்தாலான ஓர் அறை. பெரிய கண்ணாடிக் கதவு. அதைத் திறந்தால் நீளமான மரத்தளம்.

அக்கா அதைக் கையில் எடுத்து நேரம் எடுத்துப் பார்த்தார்.

"வடிவா இருக்கு. எனக்கு நல்ல விருப்பம்," என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் இன்னும் நெருப்பாகத்தான் இருக்கிறார் என்பது அடுத்த வசனத்தில்தான் விளங்கியது.

"எனக்கெண்டு ஒருதரும் இவ்வளவு பாசமா அறை கட்டித் தந்ததில்லை, தம்பி."

அந்தப் பக்கத்துக் காடுகள் மணலில் நிற்கிறவை. மழை பெய்து இரண்டு நாளில் நிலம் மறுபடி காய்ந்துவிடும். காட்டு வாசலில் தீ அபாயத்தைக் காட்டும் பலகை ஒன்று நிற்கும். வைகாசி பிறந்தால் அதன் முள் ஐந்தாம் படிக்கு ஏறிவிடும். அதற்கு மேலே படி இல்லை. போதாததற்கு, பழைய போர்க்காலத்து வெடிபொருட்கள் இன்னும் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதால், காடு பற்றினால் தீயணைப்புக்காரர் உள்ளே போக முடியாது. ஓரத்தில் நின்று மறிக்கத்தான் முடியும். வீடு வாங்கும்போது இதையெல்லாம் நான் கேட்டுத் தலையாட்டியிருந்தேன். தலையாட்டுவது வேறு, விளங்குவது வேறு.

அக்காவுக்கு விளங்கியிருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு நெருப்பு எப்படி வரும் என்று யோசிப்பார்கள். அவர் வெளியே, நெருப்பின் பக்கம் போய் நின்றுகொண்டு, எப்படி உள்ளே போகலாம் என்று பார்ப்பார். அந்த நேரத்தில் அவருடைய குரலே மாறிவிடும். சட்டம் பேசுகிற அதிகாரியின் குரலல்ல அது. பந்தியில் இலை போட்டதும் சோற்றைப் பார்த்திருக்கிற ஆளின் குரல்.

"இந்தப் பீலிக்குள்ள ஊசி இலை நல்லாக் காஞ்சு கிடக்கு. நான் ஒரு சின்னப் பொறியாப் பறந்து வந்து இதில படுப்பன். காத்து எழுப்புமட்டும் படுத்திருப்பன். பிறகு ஓட்டுக்குக் கீழால மெல்லமா உள்ளுக்கு. காடு முழுக்க எரிஞ்சு வந்துதான் வீட்டைப் பிடிக்கும் எண்டு நினைக்கிறியள். எனக்கு ஒரு பொறி காணும்."

விறகைக் காட்டி, ஏன் சுவரோடு அடுக்கினீர்கள் என்று கேட்டார். மழையில் நனையாமல் இருக்க என்றேன்.

"ஓம், எனக்காகக் காயவைச்சிருக்கிறியள்," என்றார். அன்றே விறகை இடம் மாற்றினேன். பேராசை பிடித்த விருந்தாளியிடம் கறிச்சட்டியை ஒளிப்பதுபோல இருந்தது.

அவரைப் பிறந்தநாள்களுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கேக்குக்குப் பக்கத்தில் கடதாசி மாலை தொங்கினால், மெழுகுதிரியை ஊதும் முன்னமே அவர் ஊதிவிடுவார். கோயிலில் இன்னும் மோசம். எங்கள் சனம் எங்கே கூடினாலும் வாசலில் செருப்புக் குவியும். இருநூறு பேர் உள்ளே என்றால் நானூறு செருப்பு வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். அக்கா கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து அத்தனையையும் ஒரு பக்கமாகத் தள்ளுவார். ஒருமுறை நிர்வாகத்து ஐயா ஒருவர், "பிள்ளை, சாமிக்கு முன்னால என்ன கூத்து இது?" என்று கோபித்தார். "சாமி தப்பிப் போயிடுவார் ஐயா. உங்களுக்குத்தான் முழங்கால் ஏலாது," என்றார் அக்கா. ஐயா அன்றைக்கு முழுவதும் கதவோரமாகவே உட்கார்ந்திருந்தார்.

வீடு கட்டுகிறவர்களிடம் அக்கா கேட்கிற முதல் கேள்வியும் செருப்பைப் பற்றித்தான். எத்தனை அறை, எத்தனை பேர் என்பதெல்லாம் பிறகு. "செருப்பு எங்க கழட்டுவியள்?" அவருடைய அலுவலகத்து ஜெர்மன்காரர்களுக்கு இந்தக் கேள்வி வாழ்நாளில் தோன்றாது. அக்கா கீறுகிற ஒவ்வொரு படத்திலும் கதவுக்கு வலது பக்கமாகச் சுவருக்குள் ஒரு பள்ளம் இருக்கும். செருப்புக்கு. புகைக்குள் ஓடுகிறவன் முதலில் தடுக்கி விழுவது தன் செருப்பில்தான் என்பார்.

இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். ஊரில் வீடு எரிந்திருக்கும், அதில் யாரோ போயிருப்பார்கள். ஒருநாள் என் மனைவி குரலைத் தாழ்த்தி, கண்ணெல்லாம் கலங்கி, "அக்கா, ஊரில உங்கட வீட்டை எரிச்சவங்களோ?" என்று கேட்டாள்.

"சீச்சீ! வீடு கல்லுமாதிரி நிக்குது. மச்சாள் இருக்கிறா."

"அப்ப ஏன் இப்பிடி..."

"எரிச்சது நான்தான். எட்டு வயதில. மாமான்ர காஞ்ச தென்னோலைக் கிடுகு வேலிக்குப் பக்கத்தில பூந்திரி மத்தாப்புக் கொழுத்தி விளையாடினன். வேலி எரிஞ்சு, கோழிக்கூடு எரிஞ்சு, மாமான்ர புதுச் சைக்கிளும் எரிஞ்சு முடிஞ்சுது. எல்லாரும் தண்ணி வாளியோட ஓடினவை. நான் மட்டும் நிண்டு வடிவாப் பாத்தன், அது எதால எதுக்குத் தாவுது எண்டு."

மனைவி கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. அக்காவும் சிரித்தார். "மாமா இண்டைக்கும் என்னோட கதைக்கிறேல்லை," என்றார்.

இந்தக் கதையெல்லாம் முடிந்து சில வருடங்களின் பின் அக்கா மகளோடு இருக்க அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். ஊர் ஊராகக் காடு எரிகிற நாட்டைத் தேடித்தான் போயிருக்கிறார் என்று மனைவி இப்போதும் பகிடி பண்ணுவாள். கதையை விட்ட இடத்துக்கு வருகிறேன்.

என் மர அறையை அக்கா வேண்டாம் என்றதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்ன அறை வீட்டின் முன்புறம், வீதியைப் பார்த்தபடி, நேரே வீதிப் பக்கம் திறக்கிற தனிக் கதவோடு. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஓட்டுக்குக் கீழே பொறி நுழையாதபடி கம்பி வலை, வீட்டைச் சுற்றி அகலமாகச் சல்லிக்கல். மரத்தளமும் பின்வேலிப் பசுமைச் செடிகளும் போக வேண்டும். அந்தச் செடிகளுக்குள் எண்ணெய் இருக்கிறதாம்.

"காட்டுக்குப் பக்கத்தில வந்து, வீதியைப் பாக்கிறதுக்கோ அறை கட்டுறது?" என்று சத்தம் போட்டேன்.

அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "அண்ணையை ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார்.

வந்த அன்று, குசினியிலிருந்து கோதுமை மாவை அள்ளிக்கொண்டு போய்ப் புல்லில் இரண்டு அறைகளைக் கோடாகப் போட்டார். பின்னால் என்னுடையது, முன்னால் தன்னுடையது. மனைவி மாவுக்காகப் புறுபுறுத்தாள். பின்னறையில் தோட்டக் கட்டில் ஒன்றைப் போட்டு, அண்ணையைப் படுக்க வைத்தார்.

"அண்ணை, காடு எரியுது. நான் வாறன். ரோட்டுக்குப் போங்கோ. தம்பி, நேரத்தைப் பாருங்கோ."

காட்டுப் பக்கம் கதவு இருந்தும் பயனில்லை, நெருப்பு அங்கேதான் நிற்கிறது. அண்ணை எழும்பி, இயந்திரத்தை இழுத்துக்கொண்டு, பின்கதவால் வீட்டுக்குள் நுழைந்து, உள்நடையைக் கடந்து, குசினியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் அடுப்பிலிருந்த பருப்பைக் கரண்டியால் தொட்டு நக்கி, "உப்புக் காணாது" என்றார். சமையல்காரர் நெருப்புக்குள்ளும் சமையல்காரர்தான். முன்கூடத்தில் மறுபடி ஒருதரம் உட்கார்ந்தார். படியில் இயந்திரத்தின் சில்லு இறங்க மறுத்தது. வீதியைத் தொட எட்டு நிமிடம்.

முன்னறையில் படுக்கவைத்து மறுபடி செய்தார்கள். ஒன்றரை நிமிடம்.

அண்ணை பின்பக்கமாகத் திரும்பி மரங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவர் கேட்டது அந்த மரங்களை மட்டும்தான்," என்றேன்.

"ஓம் தம்பி. மரம் அந்தப் பக்கம். அதாலதான் கதவு இந்தப் பக்கம்."

"விடடா," என்றார் அண்ணை. "பிள்ளை சொல்லுறபடி கீறட்டும்."

ஒரு கிழமை நான் அக்காவின் தொலைபேசியை எடுக்கவில்லை. பிறகு தபாலில் படம் வந்தது. முன்னறையின் பக்கச் சுவர் வீட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. அந்த நீட்டலில், கட்டிலின் உயரத்துக்குச் சரியாக, காட்டைப் பார்த்தபடி ஒரு யன்னல். திறக்க முடியாதது, தீயைத் தாங்குகிற தடித்த கண்ணாடி, வெளியே இழுத்து மூடுகிற இரும்புத் தட்டி. கட்டிலில் ஒரு மனிதன் படுத்துக்கொண்டு வெளியே பார்ப்பதாகச் சின்னதாகக் கீறியிருந்தார். மீசையோடு. என் அண்ணையின் மீசையேதான். நான் அந்தக் கடதாசியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குசினியில் அழுதேன், பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

அந்த யன்னலுக்கு அனுமதி எடுக்க அவர் கட்டடத் திணைக்களத்தில் மூன்று தடவை டெர்மின் எடுத்து, சந்திப்பு நேரம் குறித்து அலைந்தார். போன ஒவ்வொரு தடவையும் அங்கேயும் நெருப்பாகியிருப்பார் என்று நினைக்கிறேன். மூன்றாம் தடவை, அந்த அலுவலர் தன் வீட்டுப் படங்களைக் காட்டி ஆலோசனை கேட்டாராம்.

அறை கட்டி முடிந்து, குடிபுகும் சடங்கான குடிபூரலுக்கு அறுபது பேர் வந்தார்கள். சுவருக்குள் இருந்த பள்ளம் இருபது சோடிக்குத்தான் காணும். மிச்சமெல்லாம் அண்ணையின் கதவுக்கு முன்னால் குவிந்தது. ஐயர் மந்திரம் சொல்லி முடித்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவ்வளவையும் அள்ளி வளவின் மூலையில் கொட்டிவிட்டார். சோடி பிரிந்து எல்லாம் ஒரே குழம்பல். ஒரு மாமா ஒரு காலில் தன்னுடையதும் மறுகாலில் எவரோ ஒரு பெண்ணுடையதுமாக ரயிலேறிப் போனார். அடுத்த பத்து நாளும் எங்களுக்குச் செருப்பு விசாரித்துத்தான் அழைப்பு வந்தது. நான் கொதித்துப்போய் அக்காவிடம் கேட்டால், "அறுபது பேரும் நடந்துதானே போனவை," என்றார்.

குடிபூரல் முடிந்து இரண்டாவது கோடை. ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. நான் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலை செய்துகொண்டிருக்கிறேன். மனைவி தன் வேலைத்தலத்திலிருந்து அழைத்தாள். காடு பற்றிவிட்டது, கிராமத்தைக் காலி பண்ணுகிறார்கள், வானொலியில் சொன்னார்கள். வீட்டில் அண்ணை தனியாக. அவருடைய கைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கிறார் இல்லை.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. வழியில் அக்காவை அழைத்து என்னவோ உளறியிருக்கிறேன். எங்கள் ஊருக்கு இரண்டு கிராமம் முன்னாலேயே பொலிஸ் வீதியை மறித்திருந்தது. பைன் மரங்களுக்கு மேலே வானம் முழுவதும் மண்ணிறமாகப் புகை. தீயணைப்பு வண்டிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. நான் பொலிஸ்காரரோடு மல்லுக்கு நின்றேன். அண்ணைக்கு நடக்க ஏலாது, மூச்சு இல்லை, விடுங்கள் என்று ஜெர்மனில் தொடங்கித் தமிழில் கத்தினேன். அவர் பாவம், கையை விரித்தபடி நின்றார்.

அப்போது அக்காவின் சின்னக் கார் வந்து நின்றது. கதவைச் சாத்தாமலே இறங்கி ஓடி வந்தார். அவரைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ, "அக்கா, அந்தச் சுவர் தாங்குமோ? ஓட்டுக்குக் கீழ கம்பி வலை அடிச்சது காணுமோ? தட்டி மூடியிருப்பாரோ?" என்று அடுக்கினேன்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வீட்டை விடுங்கோ! எரிஞ்சா எரியட்டும், இன்னொண்டு கீறலாம். ஆக்களை எங்க கொண்டு போனவை எண்டு கேளுங்கோ!"

அதைக் கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து நகரத்தில் பாடசாலை விளையாட்டு மண்டபம் என்றார் பொலிஸ்காரர். அக்காவின் காரிலேயே போனோம். "ஒண்டரை நிமிசம். ஒண்டரை நிமிசம்தான்," என்று அக்கா ஓட்டிக்கொண்டே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

மண்டபத்துக்குள் நூறு பேருக்கு மேல். நாய்கள், குழந்தைகள், ஒரு கூட்டுக்குள் இரண்டு முயல்கள். மூலையில் நீளமேசை ஒன்றில், ஒட்சிசன் இயந்திரத்தைச் சுவரில் செருகிவிட்டு, அண்ணை உட்கார்ந்து பட்டாணிச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செஞ்சட்டை போட்ட தொண்டர் ஒருவருக்கு, இதற்குள் இஞ்சி போட்டிருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். கடவுச்சீட்டை விட்டுவிட்டு, கைபேசியை விட்டுவிட்டு, மனிதர் எடுத்து வந்திருந்தது ஒரு போத்தல் மிளகாய்த்தூள். மேசையிலிருந்த அத்தனை பேருடைய சூப்பும் சிவந்திருந்தது.

நான் போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். "குழாயை மிதியாதை," என்றார்.

வீதியால் வந்த பொலிஸ் வண்டி ஒலிபெருக்கியில் சொன்னதும் எழும்பியிருக்கிறார். கதவைத் திறந்திருக்கிறார். வீதிக்கு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் தன் காரில் ஏற்றியிருக்கிறார். அவ்வளவுதான் கதை. வழியில் ஓர் இடத்திலும் உட்காரவில்லையாம்.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கமே நின்றார். கிட்ட வரவில்லை. அண்ணைதான் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லட்டோ. அந்த அறைக்குள்ள வந்த நாளில நான் நினைச்சனான், இனி இதை விட்டு என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் போவினம் எண்டு." அவர் நிறுத்தி மூச்சு எடுத்தார். "இண்டைக்கு ஒருதரும் தூக்கேல்லை. நான் நடந்து வந்தனான்."

அக்கா பொத்தென்று மேசையோரத்து நீளப் பலகை வாங்கில் உட்கார்ந்தார். மேசையில் தலையை வைத்து, மண்டபமே திரும்பிப் பார்க்கச் சத்தமாக அழுதார். செஞ்சட்டைத் தொண்டர் பதறிப்போய் இன்னொரு கோப்பை சூப் கொண்டு வந்து வைத்தார். அண்ணை அதிலும் மிளகாய்த்தூள் போட்டார். அக்கா அழுதபடியே அதை முழுவதும் குடித்து முடித்தார்.

வீடு நிற்கிறதா இல்லையா என்று யாரையாவது கேட்க வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.